பேனல் கதவின் உட்புறம்

ராஜபாளையத்தில் பஞ்சு புகாத இடம் கிடையாது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார்; அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக நூற்பாலைகள் வந்தன. மில்லை நம்பி உதிரிபாகப் பட்டறைகள், பட்டறையை நம்பி வெல்டிங் கடை, கியர் கட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று ஊரே ஒன்றுக்கொன்று கைகொடுத்து நிற்கிறது. சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணித் தறிகளின் சத்தம். இந்த ஊரில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கிறவனுக்கு முதல் பகை பஞ்சுத் தூசிதான். இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பேனலின் காற்றாடி வலையில் படியும்; எண்ணெய்ப் புகையோடு சேர்ந்து கார்டுகளின் மேல் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒட்டும்; ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் காரணமே சொல்லாமல் இயந்திரம் நின்றுவிடும்.

அப்படி நின்றுபோன ஒரு சி.என்.சி. லேத்தை மறுபடி ஓட வைத்த கதை இது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். டிப்ளமோ முடித்து மில் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பில் பல வருடம் இருந்துவிட்டு, வெளியே வந்து பேனல் வேலைகளை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். காலையில் டவுன் பஸ், மேற்கே மலை கூடவே வரும், ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அன்றைய வேலை எந்தப் பட்டறையில் என்று போன் வரும்.

அந்த லேத் எச்.எம்.டி. முத்திரை போட்டது. பட்டறை முதலாளி கோயம்புத்தூரில் பழைய இயந்திரமாக வாங்கி வந்து, ரிங் ஃபிரேமுக்கான ஜாக்கி புல்லி, டின் ரோலர் ஷாஃப்ட், சேஞ்ச் வீலுக்கான கியர் பிளாங்க் எல்லாம் அதில்தான் கடைந்தார். அதன் மூளையான கன்ட்ரோல் வெளிநாட்டுத் தயாரிப்பு. பச்சை எழுத்துத் திரை, தேய்ந்த பொத்தான்கள், உள்ளே அடுக்கடுக்காகக் கார்டுகள். வேலைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலக் கன்ட்ரோல்களில் பலவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. இயந்திரத்தைப் பற்றிய விவரம் முழுக்க, மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நினைவு வைத்திருக்கும் சில்லுகளில் கிடக்கும். மெயினை அணைத்தால் அந்த நினைவைத் தாங்கிப் பிடிப்பது சாதாரண பேட்டரி செல்கள்தான்.

2012ஐ இந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத வருடம். பகலில் இல்லாத கரண்டுக்காக ராத்திரி கண்விழித்து வேலை பார்த்தோம். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கும் டீசல் கட்டுப்படியாகவில்லை. வேலை குறைந்து லேத் வாரக்கணக்கில் அணைந்தே கிடந்த ஒரு சமயத்தில் செல் இறங்கிவிட்டது. அடுத்த முறை மெயினைப் போட்டபோது திரை எரிந்தது, எழுத்து வந்தது, ஆனால் இயந்திரம் தான் யார் என்பதையே மறந்திருந்தது.

பாராமீட்டர் என்று சொல்வோமே, அதைத்தான் இழந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டாருக்கு எத்தனை மின்துடிப்பு, ஹோம் எங்கே இருக்கிறது, எந்த வேகத்துக்கு மேல் போகக்கூடாது, ஸ்க்ரூவில் எவ்வளவு பேக்லாஷ், எத்தனை டூல் உள்ள டரட் என்று நூற்றுக்கணக்கான எண்கள். அவை இல்லாவிட்டால் கன்ட்ரோலுக்குத் தான் ஓட்டுவது லேத்தா மில்லிங்கா என்றுகூடத் தெரியாது.

பேனல் கதவின் உட்புறத்தில் அந்த எண்களை டைப் அடித்த தாள்கள் ஒட்டியிருந்தன. எப்போதோ ஒரு பொறியாளர் பொறுப்பாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. அவரை மனசுக்குள் கும்பிட்டேன். ஆனால் தாளின் கீழ்ப்பாதியைப் பூச்சி அரித்திருந்தது, மேல்பாதியில் கூலன்ட் கறை. கறையை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, படிக்க முடிந்ததை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டோம். திரும்ப உள்ளே ஏற்றிப் பார்த்தால் நினைவுக் கார்டே எதையும் பிடித்து வைக்கவில்லை. மாற்றுக் கார்டு விசாரித்த இடத்தில், அந்த வகை இப்போது தயாரிப்பில் இல்லை, பழையது கிடைத்தால் தருகிறோம் என்று ஒரு விலை சொன்னார்கள். அந்த விலைக்கு அடுத்த தெருவில் இரண்டு சாதா லேத் வாங்கிவிடலாம்.

தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஆயுத பூஜைக்கு ஓடுகிற லேத்துக்கு வைத்த அதே சந்தனப் பொட்டை, நிற்கிற இதற்கும் வருடம் தவறாமல் வைத்தார்கள். பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்டார். முதலாளிக்கு மனசு வரவில்லை.

"ஏன் தம்பி, இரும்பு நல்லாத்தான இருக்கு? மூளை மட்டுந்தான போச்சு?"

"ஆமாண்ணே."

"அப்ப வேற மூளை வைக்க முடியாதா?"

2017 தொடக்கத்தில் அவர் கேட்ட இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. இரும்பு நன்றாக இருக்கிறதா என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும். பழைய இயந்திரத்துக்குப் புது மூளை வைக்கும் ரெட்ரோஃபிட்டில் பணம் போவது எலக்ட்ரானிக்ஸுக்கு. பலன் தருவது இரும்பு. தேய்ந்த படுக்கையின் மேல் எவ்வளவு நல்ல கன்ட்ரோல் வைத்தாலும் அது தேய்ந்த வேலையைத்தான் செய்யும்.

பட்டறையில் ஒரு பெரிய டர்னர் இருந்தார். எல்லோருக்கும் மேஸ்திரி. அவரும் நானும் தார்ப்பாயை விலக்கி, கெட்டிப்பட்ட கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அளக்க உட்கார்ந்தோம். ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் மாட்டி டயலை அதன்மேல் வைத்து, சக்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். டயலில் ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முள் அரைக் கோடு போய்த் திரும்பியது. மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை சுற்றினார். அதே அரைக் கோடு. "பேரிங் அப்படியே இருக்கு" என்றார். படுக்கையில் சக்குக்குப் பக்கத்தில், கேரேஜ் அதிகம் ஓடிய இடத்தில் மட்டும் லேசான தேய்மானம். எதிர்பார்த்ததுதான், எங்கள் வேலைக்கு அது தாங்கும். குறுக்கே நகரும் எக்ஸ் அச்சில்தான் கோளாறு. கையால் தள்ளி இழுத்தால் டயல் ஆறு கோடு ஆடியது. பால் ஸ்க்ரூ போய்விட்டது என்று முதலாளிக்கு முகம் வாடியது. மேஸ்திரி ஸ்க்ரூவை விட்டுவிட்டு அதன் முனையில் இருந்த த்ரஸ்ட் பேரிங்கைக் காட்டினார். லாக் நட் தளர்ந்திருந்தது. பேரிங்கை மாற்றி, நட்டை இறுக்கி, மறுபடி அளந்தால் ஒரு கோடு. அந்த ஒரு கோட்டை மென்பொருளில் ஈடு செய்துகொள்ளலாம்.

பல வருடம் ஓடி, உள்ளே இருந்த இறுக்கமெல்லாம் தளர்ந்து நிலைத்துவிட்ட வார்ப்பிரும்பு அது. இனி அது வளையப் போவதில்லை. அதை எடைக்குப் போடுவது எனக்கு இன்றும் ஒப்பாத காரியம்.

இனி மூளை. பெரிய கம்பெனியின் புதிய கன்ட்ரோலை மோட்டார், டிரைவோடு சேர்த்து வாங்கலாம்; விலை லட்சங்களில் நிற்கும். சீனத் தயாரிப்பில் சிக்கனமானவை உண்டு. நம் நாட்டில் பலர் வைத்து நன்றாகவே ஓட்டுகிறார்கள். மூன்றாவது வழி, சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ் சி.என்.சி. நான் இந்த மூன்றாவதைச் சொன்னேன். இலவசம் என்பது அதற்குச் சின்னக் காரணம்தான். அதற்குள் எந்த எண் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எந்தக் கணக்கோடு சேர்கிறது என்பதை எல்லாம் எழுத்து வடிவக் கோப்பாகத் திறந்து படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்து வைக்கலாம். பூச்சி அரித்த அந்தத் தாளைப் பார்த்த பிறகு இதைத்தான் என் மனசு தேடியது.

அதன் வரலாறும் எனக்குப் பிடிக்கும். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 1990களில் இயந்திரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பொது மென்பொருளை உருவாக்கியது. இ.எம்.சி. என்று பெயர். அமெரிக்க அரசின் படைப்பு என்பதால் பொதுச்சொத்தாக வெளியே வந்தது. பட்டறைக்காரர்களும் நிரலாளர்களும் அதை எடுத்து வளர்த்தார்கள். 2011இல் பெயர் லினக்ஸ் சி.என்.சி. என்று மாறியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்களால் இயங்கும் இயந்திரம் என்று உலகம் முதலில் பார்த்தது, 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓட்டிக் காட்டிய மில்லிங் இயந்திரம். அது புதிதாகச் செய்த இயந்திரம் இல்லை. சின்சினாட்டி கம்பெனியின் ஹைட்ரோ-டெல் மில்லிங்கை எடுத்து, வால்வுகளும் ரிலேக்களும் நிறைந்த அலமாரியை அதனோடு சேர்த்து, துளையிட்ட நாடாவால் ஓட்டினார்கள். ஆக, இந்தத் தொழில் பிறந்ததே ரெட்ரோஃபிட்டில்தான். இதை மேஸ்திரியிடம் சொன்னேன். "அப்ப நாம முறையாத்தான் போறோம்" என்றார், மிகுந்த நிறைவோடு.

பழைய டி.சி. சர்வோ மோட்டார்களைக் கழற்றிவிட்டு ஏ.சி. சர்வோ போடுவது என்று முடிவாயிற்று. கார்பன் பிரஷ் தேயும் தொல்லையும், அந்தக் கரித்தூள் பஞ்சோடு சேரும் தொல்லையும் அத்தோடு போகும். கணக்கு அழகாக அமைந்தது. இசட் அச்சின் பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்த்தும். டிரைவில் ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்பு என்று வைத்தால் ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரான். எக்ஸ் ஸ்க்ரூவுக்கு 5 மி.மீ.; ஒரு துடிப்புக்கு அரை மைக்ரான், விட்டக் கணக்கில் பார்த்தால் அதுவும் ஒரு மைக்ரான். இரண்டு அச்சுக்கும் ஒரே அலகு.

ஆனால் இதே கணக்கு ஒரு சிக்கலையும் காட்டியது. நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் கேரேஜ் ஓட வேண்டுமானால் வினாடிக்கு 1,66,000க்கும் மேற்பட்ட துடிப்புகள் சீராகப் போக வேண்டும். கம்ப்யூட்டர் தானே பிரிண்டர் போர்ட் வழியாகத் துடிப்பை அனுப்பினால் சில பத்தாயிரங்களோடு மூச்சு வாங்கும். அதற்கு மேல் துடிப்புகள் முன்பின்னாக விழுந்து மோட்டார் உறுமும். அதனால் துடிப்பு உருவாக்குவதற்கென்றே தனிச் சில்லு வைத்த மேசா கார்டை வரவழைத்தோம். கம்ப்யூட்டர் வினாடிக்கு ஆயிரம் முறை "இந்த வேகத்தில் போ" என்று மட்டும் சொல்லும். துடிப்பை எண்ணி அனுப்புவது கார்டின் பொறுப்பு. அந்த ஆயிரமும் நேரம் பிசகாமல் போக வேண்டும் என்பதற்காக லினக்ஸில் அதற்கென்று செய்த கெர்னல் போட வேண்டும். சாதாரணக் கெர்னலில் மவுஸை அசைத்தால்கூட ஒரு நொடிப்பொழுது தடுமாறும். அந்தத் தடுமாற்றம் உருளையின் மேல் கோடாக விழும்.

கார்டு வந்த நேரம் 2017 ஜூலை. ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த புதிது. எந்தப் பொருளுக்கு எந்தக் கோட், எந்த வரி என்று கூரியர் அலுவலகத்திலும் குழப்பம், பட்டறைகளிலும் குழப்பம். கடைசியில் பார்சல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்தபோது ஊர் ஆடிப்பூரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. தேரோட்ட நாளில் எங்கள் ஊர் ரத வீதிகளில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டுகூடப் போக முடியாது. தேர் நிலைக்கு வந்த பிறகுதான் பார்சலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முதலாளி வீட்டுக்குப் பால்கோவாவும் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து யாரும் ராஜபாளையத்துக்குப் போவதில்லை.

புது மோட்டாரின் முகம் பழைய இடத்தில் பொருந்தவில்லை. நடுவில் ஒரு தட்டு வேண்டும். மேஸ்திரி பக்கத்திலிருந்த சாதா லேத்தில் அதைக் கடைந்தார். உட்காரும் விளிம்பை அவர் விரல் நகத்தால் தடவிப் பார்த்தார், மைக்ரோமீட்டரால் அளந்தார், மறுபடி நகத்தால் தடவினார். மோட்டார் உள்ளே போகும்போது காற்று வெளியேறும் மெல்லிய சத்தம் கேட்டது. கப்ளிங் இறுக்கி டயல் வைத்துப் பார்த்தபோது திருத்த ஒன்றுமே இல்லை.

எமர்ஜென்சி பொத்தானைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு இதில் சமரசம் கிடையாது. சிவப்புப் பொத்தானை அடித்தால் அந்தச் செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், அது யோசித்து, பிறகு மோட்டாரை நிறுத்துவது என்ற ஏற்பாட்டை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பொத்தான், கதவு சுவிட்சு, அச்சுக் கடைசியில் உள்ள லிமிட் சுவிட்சு எல்லாம் ஒரே தொடரில் கம்பியாகவே ஓடி, மோட்டாருக்கு மின்சாரம் தரும் காண்டாக்டரை நேரே விடுவிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அது தகவல் மட்டும். அதேபோல ஹைட்ராலிக் சக்கில் அழுத்தம் குறைந்தால் ஸ்பிண்டில் சுற்றவே கூடாது. பழைய இயந்திரத்தில் இதைக் கவனிக்கும் பிரஷர் சுவிட்சைத் தாண்டி யாரோ கம்பியை நேராக இணைத்து விட்டிருந்தார்கள். அவசரத்தில் எந்தப் பட்டறையிலும் நடப்பதுதான். சுற்றும் சக்கிலிருந்து விடுபட்ட ஒரு ஷாஃப்ட் கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போனதை வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். புது சுவிட்சு போட்டு, அதைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு வேலையும் ஏற்றவில்லை.

கடைசல் முதல் நாளே நன்றாக வந்தது. உருளை, படி, சாய்வு எல்லாம் மைக்ரோமீட்டருக்குக் கட்டுப்பட்டன. மரைதான் எங்களைப் படுத்தியது.

ஜாக்கி புல்லி பின்னில் 16 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. மரை வேண்டும். ஒரே ஓட்டத்தில் மரை வெட்ட முடியாது. டூல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டிப் பலமுறை அதே பள்ளத்தில் ஓட வேண்டும். ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்றும் என்கோடர் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை "இதோ ஆரம்பம்" என்று ஒரு துடிப்பு கொடுக்கும். அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் டூல் கிளம்பும். ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்ற, கேரேஜ் சரியாக 2 மி.மீ. நகர வேண்டும். எங்களுக்கோ, நாலு ஓட்டம் சரியாக விழும், ஐந்தாவது பள்ளத்தை விட்டு மேட்டில் ஏறும். மரை இரட்டையாகிப் பாழ். பிறகு பத்துப் பின் ஒழுங்காக வரும். மறுபடி ஒன்று கெடும்.

எப்போதுமே வருகிற கோளாறைப் பிடித்துவிடலாம்; எப்போதாவது வருவதைப் பிடிப்பதுதான் கஷ்டம். நிரலைப் பார்த்தோம், கப்ளிங்கைப் பார்த்தோம், டூலைப் பார்த்தோம். பிறகு வேலையை ஏற்றாமல் என்கோடர் எண்ணை மட்டும் திரையில் வைத்துக் கவனித்தேன். 1024 கோடுள்ள என்கோடர். நான்காகப் பெருக்கினால் சுற்றுக்கு 4096. சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் அச்சுப் பிசகாமல் 4096. ஸ்பிண்டில் டிரைவைப் போட்டு ஓட்டினால் சில சுற்றுகளில் எண் தாவியது. ஆக, என்கோடர் சொல்லாததையும் கார்டு கேட்கிறது. ஆசிலோஸ்கோப்பை மாட்டினால் கோட்டின் மேல் ஊசி ஊசியாக இரைச்சல். ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ், மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது. அந்த வெட்டின் எதிரொலி பக்கத்துக் கம்பிகளில் எல்லாம் ஏறும்.

என்கோடர் கேபிளை மோட்டார் கேபிள் போகும் பள்ளத்திலிருந்து எடுத்து வேறு பக்கமாகக் கொண்டுபோனோம். உறைக் கம்பியைப் பேனல் முனையில் மட்டும் எர்த்தில் சேர்த்தோம். இரைச்சல் பாதியாகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. உறை கொண்டுவரும் இரைச்சலை வாங்கிக்கொள்ள எர்த் சரியாக இருக்க வேண்டுமே என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எர்த் குழியின் மேல் ஒரு தகரமும், அதன்மேல் உடைந்த சைக்கிளும் கிடந்தன. குழாயும் கரியும் உப்பும் போட்டு நிரப்பிய குழி. பல வருடமாக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மண் வெடித்துக் கிடந்தது. எர்த் டெஸ்டரில் இருபது ஓமுக்கு மேல் காட்டியது. பழைய குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் புதிதாக நிரப்பி, இயந்திரத்துக்கென்று தனியாக இன்னொரு குழியும் வெட்டி, இரண்டையும் தகட்டால் இணைத்து, குடம் குடமாகத் தண்ணீர் விட்டோம். அளவு ஐந்துக்குக் கீழே வந்தது. அன்று சாயங்காலம் வெட்டிய பின்களில் ஒன்றுகூடக் கெடவில்லை. மறுநாளும் இல்லை.

அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் சனிக்கிழமைதோறும் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் உண்டு. சித்திரை வெயிலில் தினமும். இதைச் செய்கிற பையன் லேத் பக்கமே வராதவன். ஆனால் மரை ஒழுங்காக விழுவதில் அவனுக்கும் பங்கு இருக்கிறது என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

மேஸ்திரியிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. பழைய கன்ட்ரோலில் ஓட்டிய வேலைகளின் நிரல்கள் அத்தனையும் அவர் கையெழுத்தில். கன்ட்ரோல் மறந்துபோன எல்லாவற்றையும் அந்த நோட்டு மறக்காமல் வைத்திருந்தது. ஓரத்தில் பென்சிலில் குறிப்புகள்: இந்த வார்ப்புக்கு ஃபீட் குறைத்துப் போடவும், இந்த ஷாஃப்ட் நடுவில் துள்ளும், தாங்கிப் பிடிக்க ஸ்டெடி வைக்காமல் தொடாதே. பழைய நிரல்களை அப்படியே ஏற்ற முடியவில்லை. உதாரணமாக, மரை வெட்டும் ஜி-76 பழைய கன்ட்ரோலில் இரண்டு வரி, லினக்ஸ் சி.என்.சி.யில் ஒரே வரி; எழுத்துகளின் பொருளும் வேறு. ராத்திரிகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். அவர் வாசிப்பார், நான் தட்டுவேன். பென்சில் குறிப்புகளையும் விடாமல் நிரலுக்குள்ளேயே குறிப்பாகச் சேர்த்தேன். அந்த வேலையை ஏற்றினால் அவர் சொன்னது திரையில் தமிழில் வரும். எச்சரிக்கைச் செய்திகளையும் தமிழிலேயே எழுதினோம்: "சக்கு அழுத்தம் குறைவு", "வே எண்ணெய் தீர்ந்தது", "கதவு திறந்திருக்கிறது". ராத்திரி ஷிப்ட்டில் தனியாக நிற்கிற பையனுக்கு அலாரம் 414 என்று வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு முக்கியமாகப் பட்ட வேலை கடைசியில்தான் வந்தது. முதலாளிக்கு இயந்திரம் ஓடியவுடனே கணக்கு முடிந்த மாதிரி. ஆனால் நான் இன்னும் கொஞ்ச நாள் கேட்டேன். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனையிலும் எண் வளையம் போட்டோம். அந்த எண்களை வைத்துப் பேனல் படம் வரைந்தேன். டிரைவுக்குள் மாற்றிய ஒவ்வொரு பாராமீட்டரையும் ஏன் மாற்றினோம் என்ற காரணத்தோடு எழுதினேன். கோப்புகளை மூன்று பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்று முதலாளி வீட்டு பீரோவில், ஒன்று மேஸ்திரியிடம், ஒன்று என்னிடம். படத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டினோம், பூச்சி அரித்த அந்தப் பழைய தாளுக்குப் பக்கத்திலேயே. பழைய தாளைக் கிழிக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இயந்திரத்தின் சொந்தக்காரர் பில் வைத்திருப்பவர் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் படமும் எண்களும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர்; மற்றவர் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியவர். இந்த ஊர் மில்களை எண்பது வருடமாக ஓட்டி வந்த பிட்டர்களும் டர்னர்களும் இரும்பைப் பொறுத்தவரை யாருக்காகவும் காத்திருந்ததில்லை. ஒரு ஸ்பிண்டில் உடைந்தால் இன்னொன்று கடைந்து போட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகுதான் பூட்டிய பெட்டிக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. நம் பக்கத்துப் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு நிரல் எழுத நன்றாக வருகிறது. ஆனால் பேனலைத் திறந்து, கம்பியைத் தொட்டு, எர்த்தை அளக்கும் வாய்ப்பு அவர்களுக்குப் போதவில்லை என்பது என் ஆதங்கம். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் வாரம் கம்ப்யூட்டரையே கொடுப்பதில்லை. காற்றாடி வலையைக் கழற்றிப் பஞ்சைத் தட்டச் சொல்வேன். பிறகு பேனல் படத்தைக் கையால் பார்த்து வரையச் சொல்வேன். வரைந்து முடித்த பிள்ளை அதன்பின் அந்தப் பேனலைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

அந்த லேத் இப்போதும் ஓடுகிறது. மேஸ்திரி ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் நிற்கும் பையன், ஒரு ஷாஃப்ட்டை ஏற்றும்போது அவர் குறிப்பைத் திரையில் படித்துவிட்டு ஸ்டெடியைத் தேடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். வேறு சில இயந்திரங்களும் என் கைக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் இதே வழியைச் சொல்லவில்லை. சிலவற்றுக்குப் பழைய கன்ட்ரோலையே பழுது பார்ப்பது போதும். சிலவற்றில் படுக்கை போய்விட்டது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே ஒரு பட்டறைக்காரர் அழைத்தார். சிவகாசி அச்சு இயந்திரங்களுக்கு ரோலர் கடைகிற லேத், என் முதல் இயந்திரத்தின் வயசுதான் இருக்கும். திரையில் பேட்டரி எச்சரிக்கை ஒரு வாரமாக மினுங்குகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டுத் திங்கட்கிழமை என்னை வரச் சொல்லலாம் என்று நினைத்திருந்தார்.

"அண்ணாச்சி, மெயினை மட்டும் அணைச்சிராதீங்க" என்றேன். "இயந்திரம் ஓடலைன்னாலும் கன்ட்ரோல் எரியட்டும். கரண்ட் போற நேரத்துக்கு முன்னாடி, ஆன்ல இருக்கும்போதே பழைய செல்லை எடுத்துட்டுப் புதுசு போடுங்க. எந்தப் பக்கம் பிளஸ்னு முதல்லயே பாத்து வச்சுக்கோங்க. போட்டதும் பாராமீட்டர் பக்கத்துக்குப் போயி ஒவ்வொரு பக்கமா செல்போன்ல படம் எடுத்து அனுப்புங்க. ஒண்ணையும் விடாதீங்க."

ராத்திரி படுக்கப் போவதற்குள் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றில் டியூப்லைட் வெளிச்சம் திரையில் பட்டு நடுவில் மூன்று வரி தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எடுக்கச் சொன்னேன்.